கேட்பாரற்ற உடலும் கேட்கப்படாத உடலும்: தொடக்கக்கால உடற்கூற்றுக் கல்வியின் அறவியல் குறித்த ஒரு சொல்வழி ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவக் கல்விக்காக மனிதச் சடலத்தை அறுத்துப் பயிலும் வழக்கத்தின் வரலாறு, அறிவுக்கும் மூடநம்பிக்கைக்கும் இடையே நிகழ்ந்த போராட்டமாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அவ்வரலாற்றின் மையச் சிக்கல் அறுக்கலாமா என்பதன்று, யாரை அறுப்பது என்பதே என இக்கட்டுரை வாதிடுகிறது. 1752 முதல் 1832 வரையிலான பிரிட்டனின் சட்ட வரலாறு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அக்காலத்தில் உருவான ‘உரிமை கோரப்படாத உடல்’ என்னும் கருத்தாக்கமும், அதற்கு நிகராகத் தமிழில் வழங்கும் சொற்களும் ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறுத்தாய்வு, உடற்கூற்றியல், 1832 உடற்கூற்றுச் சட்டம், இசைவு, அங்காதிபாதம், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

‘உடற்கூறு’ என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. பட்டினத்தார் பெயரில் வழங்கும் உடற்கூற்று வண்ணம், கருவில் தோன்றும் உடல் சுடுகாட்டில் முடியும் வரையிலான நிலைகளை அடுக்கிச் சொல்கிறது. அங்கே உடற்கூறு என்பது நிலையாமையை உணர்த்தும் பொருள். நவீன மருத்துவத்தில் அதே சொல் எலும்பு, தசை, நரம்பு, குருதிக்குழாய் ஆகியவற்றின் அமைப்பை உணர்த்துகிறது. முன்னதற்குக் கண்டால் போதும். பின்னதற்கு அறுத்தாக வேண்டும். அறுப்பதற்கு ஓர் உடல் வேண்டும். அவ்வுடல் எங்கிருந்து வந்தது என்னும் வினாவை உடற்கூற்று நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

இக்கட்டுரையில் ‘அறுத்தாய்வு’ என்னும் சொல், கல்வியின் பொருட்டு இறந்த உடலைப் படிப்படியாக அறுத்துப் பயிலுதலை மட்டும் குறிக்கும். இறப்பின் காரணம் அறியச் செய்யப்படும் பிணக்கூறாய்வு இதன் எல்லைக்குள் வராது. நாளிதழ்த் தமிழில் இரண்டிற்கும் ‘உடற்கூறாய்வு’ என்னும் ஒரே சொல் வழங்குவதால் இவ்வரையறை தேவைப்படுகிறது.

உடலின் தகுதியும் உடலுக்குரியவரும்

சுசுருத சம்கிதையின் சாரீரத்தானம் அறுத்தாய்வு முறை ஒன்றைக் கூறுகிறது. உறுப்புகள் குறையாத, நஞ்சால் இறவாத, நெடுநோயால் நலியாத, நூறு வயது எய்தாத ஒருவரின் உடலைத் தேர்ந்து, குடலிலுள்ள மலத்தை நீக்கி, புல் முதலியவற்றால் சுற்றி, கூண்டிலிட்டு, ஓடும் நீரில் வைக்க வேண்டும். ஏழு இரவுகள் கழித்து எடுத்து, வெட்டிவேர், மயிர், மூங்கில் முதலியவற்றாலான தூரிகையால் மெல்லத் தேய்த்து, தோல் தொடங்கி ஒவ்வோர் அடுக்காகக் கண்ணால் காண வேண்டும். நூலறிவும் கண்ணறிவும் சேர்ந்தாலே மருத்துவ அறிவு நிறைவுறும் என்பது அந்நூலின் நிலைப்பாடு. உடல் எத்தகையதாயிருக்க வேண்டும் என்று இவ்வளவு நுட்பமாக வரையறுக்கும் அப்பகுதி, அது யாருடைய உடல் என்பது பற்றி எதுவும் கூறவில்லை.

மேலைமரபிலும் இம்மௌனம் உண்டு. ஆயினும் அங்கே சில இடங்களில் அது கலைகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எரோபிலசும் எரசிசுத்திராத்தசும் மனித உடலை அறுத்து ஆராய்ந்தனர். அரசர்கள் சிறையிலிருந்து அளித்த குற்றவாளிகளை அவர்கள் உயிருடனேயே அறுத்ததாகக் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செல்சசு பதிவு செய்கிறார். உயிருள்ளாரை அறுத்தல் கொடியது, இறந்தாரை அறுத்தல் கற்பார்க்குத் தேவையானது என்பது அவர் தீர்ப்பு. அச்செய்தி முற்றிலும் உண்மையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உடலை அளித்தவர் அரசர், அளிக்கப்பட்டவர் சிறைப்பட்டவர் என்னும் உறவு பின்வரும் இரண்டாயிரம் ஆண்டுகளில் பலமுறை திரும்பி வருவதே இங்குக் கவனிக்க வேண்டியது.

கத்தோலிக்கத் திருச்சபை அறுத்தாய்வைத் தடைசெய்திருந்தது என்னும் பரவலான கருத்தும் திருத்தத்திற்குரியது. சான்றாகக் காட்டப்படும் 1299ஆம் ஆண்டுத் திருத்தந்தை எட்டாம் போனிபாசின் ஆணை, தொலைவில் இறந்தோரின் உடலைத் துண்டித்து வேகவைத்து எலும்பை மட்டும் ஊருக்கு அனுப்பும் வழக்கத்திற்கு எதிரானது. மருத்துவக் கல்வியைக் குறித்ததன்று. அவ்வாணை வெளிவந்து ஏறத்தாழப் பதினைந்தாண்டுகளில் பொலோஞாவில் மொந்தினோ வெளிப்படையாகவே அறுத்தாய்வு நடத்தினார். 1316இல் அவர் இயற்றிய நூல் இருநூறு ஆண்டுகள் பாடநூலாக இருந்தது. வயிறு, மார்பு, தலை, கைகால் என்னும் அதன் வரிசை எந்தத் தத்துவத்தையும் சார்ந்ததன்று. விரைவில் அழுகுவதை முதலில் அறுக்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

வெசேலியசு: வெளிப்படையான ஒரு சான்று

1543இல் வெளியான வெசேலியசின் மனித உடலமைப்பு நூல் நவீன உடற்கூற்றியலின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. குரங்கு, பன்றி முதலியவற்றை அறுத்துக் கேலன் எழுதியவற்றை மனித உடலோடு ஒப்பிட்டு அவர் திருத்தினார். அப்போது அவருக்கு வயது 28. நூலின் முகப்புப் படத்தில் திரளான கூட்டத்தின் நடுவே வயிறு திறந்த நிலையில் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. தூக்குத் தண்டனைக்கு அஞ்சித் தன்னைக் கருவுற்றவள் என்று கூறிக்கொண்டவள் அவள். மருத்துவச்சியர் சோதித்து அது பொய்யென்றனர். இச்செய்தியைத் தருபவர் வெசேலியசே. உயிரைக் காக்க அவள் சொன்ன கடைசிச் சொல்லும் பொய்யென நிறுவப்பட்ட பின், அவளது கருப்பையே பாடமாயிற்று.

அவர் தரும் மற்றொரு செய்தி இதனினும் கடுமையானது. பதுவா நகரில் துறவி ஒருவரின் காதலி இறந்து அடக்கம் செய்யப்பட்டாள். மாணவர்கள் கல்லறையிலிருந்து அவள் உடலை எடுத்து வந்தனர். அத்துறவியும் பெற்றோரும் நகர ஆட்சியரிடம் முறையிட்டபோது, அடையாளம் தெரியாதிருக்க உடலின் தோல் முழுவதையும் உரித்துவிட்டனர். வெசேலியசு இதனை மாணவரின் ஊக்கத்திற்குச் சான்றாகவே குறிக்கிறார். நம் வாசிப்பில் இது வேறொன்றைக் காட்டுகிறது. இவ்வுடல் கேட்பாரற்றதன்று. கேட்டவர்கள் இருந்தனர். அவர்கள் கேட்டது பயன்படாதவாறு செய்யவே தோல் உரிக்கப்பட்டது. இறந்தவரின் பெயர் அகன்று, எல்லார்க்கும் பொதுவான ஒரு சொல் அவ்விடத்தில் வந்தமர்வதைத் திருமூலர் நிலையாமைக்குச் சான்றாகக் காண்பார். இங்கே பெயர் தானாக அகலவில்லை, கத்தியால் அகற்றப்பட்டது.

தண்டனையாக அறுத்தாய்வு

இங்கிலாந்தில் எட்டாம் என்றி 1540இல் நாவிதர்–அறுவையர் குழுமத்திற்கு ஆண்டுக்குத் தூக்கிலிடப்பட்ட நால்வரின் உடலை அளித்தார். 1752இல் நடைமுறைக்கு வந்த கொலைச் சட்டம் இதனை வேறொரு தளத்திற்கு உயர்த்தியது. கொலைக் குற்றவாளியின் உடலை அறுத்தாய்வுக்கு உட்படுத்தாமலோ சங்கிலியில் தொங்கவிடாமலோ அடக்கம் செய்யலாகாது என்று அது விதித்தது. தூக்குக்கு மேலும் அச்சமும் இழிவும் சேர்ப்பதே நோக்கம் எனச் சட்டமே கூறியது. இதன் விளைவை இருவகையாகக் காணலாம். அறுவையர் தண்டனை நிறைவேற்றுவோர் ஆயினர். கற்றலுக்குத் தேவையான ஒரு செயல், பொதுமக்கள் மனத்தில் இழிவின் உச்சமாகப் பதிந்தது. டைபர்ன் தூக்குமேடையடியில் இறந்தவரின் உறவினரும் தொழில்தோழரும் அறுவையரின் ஆட்களோடு உடலுக்காகக் கைகலந்ததைப் பீட்டர் லைன்பா விரிவாக ஆராய்ந்துள்ளார். இப்பூசல்களை அறியாமை என்று ஒதுக்கும் மருத்துவ வரலாற்றாசிரியர் கருத்து ஏற்புடையதன்று. சட்டம் எதை இழிவு என்று அறிவித்ததோ, அதை மக்கள் இழிவென்று புரிந்துகொண்டனர்.

சட்டவழி கிடைத்த உடல்கள் சிலவே; தேவையோ பெருகியது. வில்லியம் ஹண்டர் லண்டனில் பாரிசு முறையைப் பின்பற்றி, மாணவர் தம் கையாலேயே அறுத்துப் பயில வாய்ப்பளித்தார். கல்வி நோக்கில் இது பெரும் முன்னேற்றமே. ஆனால் அதற்கேற்பச் சடலங்களின் தேவை உயர்ந்தது. கல்லறை தோண்டுவோர் அத்தேவையை நிறைவேற்றினர். குளிர்காலப் பயிற்சிப் பருவத்தில் இரவில் புதிய குழியின் தலைப்பக்கத்தைத் தோண்டி, பெட்டியின் மூடியை உடைத்து, கயிற்றால் உடலை வெளியே இழுத்தனர். போர்த்திய துணியை மட்டும் குழியிலேயே இட்டுச் சென்றனர். இதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலப் பொதுச்சட்டத்தின்படி சடலம் யாருடைய உடைமையும் அன்று. ஆகவே அதை எடுப்பது திருட்டாகாது. துணியோ உடைமை, அதை எடுத்தால் கடுந்தண்டனை. யாருக்கும் உரியதன்று என்பதாலேயே யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடியதாக உடல் ஆயிற்று.

விருப்பம் வெளிப்படையாக இருந்தபோதும் அது மீறப்பட்டதற்குச் சார்லசு பைர்ன் சான்றாவார். ஏறத்தாழ ஏழரை அடி உயரமுடைய இந்த அயர்லாந்துக்காரர் தம் உயரத்தைக் காட்சிப்படுத்திப் பிழைத்தவர். உடற்கூற்றாளர் கையில் தம் உடல் சிக்கிவிடும் என்றஞ்சிக் கடலில் அடக்கம் செய்யுமாறு நண்பர்களிடம் வேண்டினார். 1783இல் அவர் இறந்தபோது வில்லியமின் தம்பி ஜான் ஹண்டர் கையூட்டுக் கொடுத்து உடலைப் பெற்றார். அவ்வெலும்புக்கூடு இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக லண்டன் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் நின்றது. 2023இல் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டபோது காட்சியிலிருந்து நீக்கப்பட்டது, கடலுக்கு அனுப்பப்படவில்லை.

எடின்பரோ 1828

உடலுக்கு விலை உண்டு என்றானபின் அடுத்த கட்டம் வியப்புக்குரியதன்று. எடின்பரோவில் ஹேரின் விடுதியில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் 1827 நவம்பரில் வாடகை பாக்கியுடன் இயற்கையாக இறந்தார். பாக்கியை ஈடுசெய்ய வில்லியம் பர்க்கும் வில்லியம் ஹேரும் அவ்வுடலை இராபர்ட் நாக்சின் உடற்கூற்றுப் பள்ளியில் 7 பவுண்டு 10 சில்லிங்குக்கு விற்றனர். அதன் பின்னர் ஓராண்டுக்குள் 16 பேரைக் கொன்று விற்றனர். காயம் தோன்றாதவாறு மூச்சடக்கிக் கொன்றமை வணிகத்திற்கு உகந்ததாயிருந்தது. கொல்லப்பட்டோர் பெரும்பாலும் நாடோடிகள், முதியோர், வேலை தேடி வந்தோர். தெருவில் பலருக்கும் பழக்கமான ஜேம்சு வில்சன் என்னும் இளைஞரின் உடலை மாணவர் அடையாளம் கண்டதாகவும், நாக்சு அதனை மறுத்ததாகவும் கூறப்படுகிறது. கொண்டுவருவோரிடம் எதுவும் கேட்கலாகாது என்பது அத்தொழிலின் எழுதாச் சட்டம். ஹேர் அரசுத்தரப்புச் சாட்சியாகித் தப்பினார். பர்க் 1829 சனவரி 28இல் தூக்கிலிடப்பட்டு, கொலைச் சட்டப்படி தாமும் அறுக்கப்பட்டார். அவரது எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இன்றும் உள்ளது. நாக்சு மீது வழக்குத் தொடரப்படவில்லை.

‘கோருதல்’ என்னும் சொல்லின் விலை

இவ்வழக்கு வெளிப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1828இல், ஹென்றி வார்பர்ட்டன் தலைமையில் நாடாளுமன்றத் தேர்வுக்குழு ஒன்று உடற்கூற்றுக் கல்வியை ஆராய்ந்தது. அதன்முன் சாட்சியளித்த புகழ்பெற்ற அறுவையர் ஆசுட்லி கூப்பர், தாம் விரும்பினால் எந்த நிலையிலுள்ளவரின் உடலையும் பெற முடியும், சட்டம் விலையை உயர்த்துகிறதேயன்றி வரவைத் தடுப்பதில்லை என்னும் பொருள்படப் பேசினார். குழு கண்ட தீர்வு, மருத்துவமனைகளிலும் ஏழையர் இல்லங்களிலும் இறந்து உறவினரால் கோரப்படாத உடல்களை அளிப்பது. உறவினர் இல்லாதபோது புண்படும் மனமும் இல்லை என்பது இதற்கான நியாயம்.

இந்நியாயத்தில் இரு வழுக்கள் உள்ளன. முதலாவது, புண்படக்கூடியவர் உறவினர் மட்டுமே எனக் கொள்வது. தன் உடலுக்கு என்ன நேரும் என்று இறக்குமுன் அஞ்சும் ஏழையின் மனம் இக்கணக்கில் இல்லை. இரண்டாவது, ‘கோருதல்’ என்பதன் நடைமுறைப் பொருள். உடலைக் கோருதல் என்றால் அடக்கச் செலவை ஏற்றல். மகனோ மனைவியோ அருகில் நின்று அழுதாலும், செலவை ஏற்க இயலாவிடில் அவ்வுடல் கோரப்படாததே. உறவின்மை என்று பெயரிடப்பட்டது உண்மையில் பணமின்மை. ரூத் ரிச்சர்ட்சன் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஐயத்திற்கிடமின்றி நிறுவியுள்ளது.

1829ஆம் ஆண்டு முன்வரைவு பிரபுக்கள் அவையில் தோற்றது. 1831இல் லண்டனில் பிசப், வில்லியம்சு என்னும் இருவர் ஒரு சிறுவனைக் கொன்று உடலை விற்க முயன்று பிடிபட்டனர். அடுத்த ஆண்டு ஆகசுட்டில் உடற்கூற்றுச் சட்டம் நிறைவேறியது. அது கொலைக் குற்றவாளிகளை அறுத்தாய்வுக்கு உட்படுத்தும் தண்டனையை நீக்கியது; உடலைச் ‘சட்டப்படி கைக்கொண்டிருப்பவர்’ அதனை அறுத்தாய்வுக்கு அளிக்கலாம் என்றது. ஏழையர் இல்லத்தில் இறந்தவரைப் பொறுத்தவரை அவ்வில்லத்தை நடத்துவோரே அவ்வாறு கொள்ளப்பட்டனர். இறந்தவர் வாழ்நாளில் எழுத்து வழியாகவோ, இறுதி நோயின்போது இரு சாட்சிகள் முன் வாய்மொழியாகவோ மறுத்திருந்தால் அளிக்கலாகாது என்னும் விதிவிலக்கும் உண்டு. இவ்விதிவிலக்கே சட்டத்தின் அறவியலை வெளிப்படுத்துகிறது. மறுக்க வேண்டுமென்றால் எழுத வேண்டும், அல்லது சாட்சி தேட வேண்டும். எதுவும் சொல்லாதிருந்தால் இசைந்ததாகக் கொள்ளப்படும். எழுத்தறியாத, சட்டமே அறியாத ஒருவரின் மௌனம் சம்மதமாக மாற்றப்பட்டது. எண்பதாண்டுகள் கொலைகாரருக்கு விதிக்கப்பட்டிருந்த ஒன்று, எந்தக் குற்றமும் செய்யாத வறியவருக்கு மாறியது.

சட்டத்தின் பயனையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். கல்லறைத் திருட்டு ஏறத்தாழ மறைந்தது. விலைக்காகக் கொல்லுதல் நின்றது. மருத்துவக் கல்வி ஒழுங்குபெற்றது. பயன் பெற்றோரும் இழந்தோரும் ஒரே மக்கள் அல்லர் என்பதே சிக்கல்.

மாற்று வழி ஒன்று அதே ஆண்டில் கண்முன் இருந்தது. 1832 சூன் 6இல் இறந்த ஜெரமி பெந்தம் தம் உடலை அறுத்தாய்வுக்கு அளிக்குமாறு உயில் எழுதியிருந்தார். மூன்று நாள் கழித்து அவர் நண்பர் சவுத்வுட் சுமித் இடிமழைக்கிடையே அதனை நிறைவேற்றினார். வாழும்போதே தானே இசைந்து அளிப்பது இயலும் என்பதை ஓர் உடல் காட்டிற்று. ஆயினும் இறந்தவரின் சொந்த எழுத்துவழி இசைவைக் கட்டாயமாக்கும் சட்டம் இங்கிலாந்தில் 2004இல்தான் வந்தது. இடையே 172 ஆண்டுகள்.

தமிழுக்கு வந்த உடல்கள்

இவ்வரலாறு தமிழோடு நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டு. ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் 1858இல் லண்டனில் வெளிவந்தது. அதன் படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். பின்னர் இவர் பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். இருவரும் லண்டனில் அறுத்த உடல்கள் 1832 சட்டத்தின் வழி வந்தவை என ரிச்சர்ட்சன் தம் பிற்கால நூலில் காட்டுகிறார். அதாவது, ஏழையர் இல்லங்களில் இறந்து பெயரிழந்தோரின் உடல்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்து தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், கிரே முதலியோரின் நூல்களைத் தழுவி ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெருநூலை 1872இல் பதிப்பித்தார். தமிழ் அறிவியல் மொழியின் வரலாற்றில் அந்நூலின் இடம் நன்கு பேசப்பட்டுள்ளது. கலைச்சொல்லாக்க ஆய்வுகள் அதன் சொற்களை எண்ணி வகைப்படுத்தியுள்ளன. அச்சொற்கள் ஒவ்வொன்றும் சுட்டும் எலும்புக்கும் நரம்புக்கும் பின்னே லண்டன் ஏழைகளின் உடல்கள் உள்ளன என்னும் கோணம் அவ்வாய்வுகளில் சேர வேண்டியது.

கருத்தாக்கமும் கடல் கடந்தது. 1949ஆம் ஆண்டுப் பம்பாய் உடற்கூற்றுச் சட்டம், கோரப்படாத உடல்களை மருத்துவக் கல்வி நிறுவனங்களுக்கு அளிப்பதை நோக்கமாகக் கொண்டது. விடுதலை பெற்ற நாட்டின் சட்டம் 1828ஆம் ஆண்டுக் குழுவின் சொல்லையே ஆள்வது எண்ணத்தக்கது.

இச்சொல்லுக்குத் தமிழில் மூன்று நிகர்கள் வழங்குகின்றன. ‘உரிமை கோரப்படாத உடல்’ என்பது அலுவல் தமிழ், நேர் பெயர்ப்பு. ‘அநாதைப் பிணம்’ என்பது செய்தித்தாள் வழக்கு. இறந்தவருக்குக் காப்பாளரே இல்லை என்று இச்சொல் முடிவுகட்டிவிடுகிறது. ‘கேட்பாரற்ற பிணம்’ என்பது பேச்சுவழக்கிலிருந்து வந்தது. மூன்றனுள் இதுவே கூர்மையானது. கேட்டல் என்பதற்குச் செவிப்புலனால் அறிதல், வினவுதல், வேண்டுதல் என்னும் பொருள்கள் உள. ‘கேட்பாரற்ற’ என்னும்போது உடலை வேண்டி நிற்பாரும், என்ன நேர்ந்தது என்று வினவுவாரும், சொல்வதைச் செவிமடுப்பாரும் இல்லாமை ஒருங்கே தொனிக்கிறது. ஆயினும் இதுவும் மற்றையோரின் இல்லாமையையே பேசுகிறது. வாழ்நாளில் அவரை எவரும் கேட்கவில்லை என்பதைச் சொல்ல ‘கேட்கப்படாத உடல்’ என்றே கூற வேண்டியுள்ளது. முன்னது உறவினரின் குறை. பின்னது நிறுவனத்தின் குறை.

இதற்கு எதிர்முனையில் நிற்பது ‘உடல்தானம்’. தானம் என்னும் சொல் கொடுப்பவரை வேண்டி நிற்கிறது. கொடையாளர் இன்றித் தானம் இல்லை. அறுத்தாய்வு மேசையில் தானத்தால் வந்த உடலும் கேட்கப்படாமல் வந்த உடலும் அருகருகே கிடக்கலாம். இரண்டையும் ‘சடலம்’ என்று ஒரே சொல்லால் குறித்தால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். முன்னதைக் ‘கொடையுடல்’ என்றும், பின்னதைக் ‘கேளாவுடல்’ என்றும் உடற்கூற்றியல் தமிழ்ப் பாடநூல்களும் கலைச்சொல் அகராதிகளும் பிரித்து ஆளலாம். ‘கேளா’ என்பதன் இருபொருள் மயக்கம் குறையாகத் தோன்றினால், ‘இசைவிலா உடல்’ என்பதும் பொருந்தும்.